கட்சி நிறுத்தும் ஆளுக்கு ஓட்டுக் கேட்க மனம் வரவில்லை, சுயேச்சைக்கு வேலை செய்யலாமா?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்):

வணக்கம். நான்கைந்து நாளாக இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். கட்சிப் பெயரைச் சொல்லவில்லை, யாரும் யூகித்து அதை வைத்துச் சண்டை போட வேண்டாம், எந்தக் கட்சியில் இருப்பவருக்கும் இந்த நிலைமை வரக்கூடியதுதான்.

எனக்கு வயது 47. இருபத்திரண்டு வருடமாக உறுப்பினர், அதில் ஒன்பது வருடம் கிளைச் செயலாளர். எனக்கு முன்னால் அப்பா. அவர் இறந்தபோது கட்சிக் கொடியைப் போர்த்தித்தான் எடுத்துப் போனோம், அப்படித்தான் போக வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். எங்கள் வீட்டு மனை மூலையில் அவர் நட்ட கொடிக்கம்பம் இன்னும் நிற்கிறது. நேற்று வந்து சேர்ந்து சீட் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிற ஆள் நான் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்குச் சீட் வேண்டாம், நான் கேட்டதும் இல்லை.

பிரச்சினை ஒன்றியக் கவுன்சிலர் பதவி. 2019 டிசம்பரில் எங்கள் வார்டுக்கு நிறுத்திய ஆள் வேறொரு கட்சியிலிருந்து எட்டு மாதம் முன்புதான் வந்தவர், மேலே இருக்கும் ஒருவருக்கு உறவு. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தோம். வீடு வீடாக நான் போனேன். "ஆளைப் பார்க்காதீங்க, என்னைப் பார்த்துப் போடுங்க" என்று கேட்டேன். போட்டார்கள், இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வாய்க்காலில் இரண்டு வருடம் ரோட்டுப் பாலம் வரைக்கும்தான் தூர்வாரினார்கள், பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அப்படியே கிடந்தன. மேட்டூர் திறந்து முறைப்படி தண்ணீர் விட்டும் கடைசி முந்நூறு ஏக்கருக்கு வந்து சேரவில்லை. கிளையிலிருந்து ஆறு பேர் போய் நின்றோம், "மனுவைக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அவருக்காக ஓட்டுக் கேட்டவன் நான், என்னிடம் மனு கேட்கிறார்.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து எல்லாம் தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தாலும் எங்கள் வார்டுக்கு அதே ஆள்தான், விருப்ப மனு வாங்குவது சும்மா ஒரு சடங்கு என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், எங்கள் கிளையிலேயே இருந்து இரண்டு வருடம் முன்பு விலகிய ஒருவர் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்கிறார். 2018 நவம்பர் 16 கஜா அடித்த அன்று விடிவதற்குள் பள்ளிக்கூடத்தைத் திறந்து அடுப்பு மூட்டியவர் அவர்தான். பதினெட்டு நாள் அந்த அடுப்பு எரிந்தது, கட்சி பார்க்காமல் எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டோம். போன தாளடி அறுப்பில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி ஒன்பது நாள் நெல்லைக் களத்தில் போட்டு வைத்தார்கள், மேலே மழை, தார்ப்பாய் போதவில்லை, அப்போதும் கொள்முதல் நிலைய வாசலில் உட்கார்ந்து பேசித் தீர்த்தது அவர்தான். எங்களில் முப்பது பேர் அவருக்கு வேலை செய்யலாம் என்று நினைக்கிறோம்.

ஆனால் ஓட்டுப் பிரிந்து எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டால் அந்தப் பழி எங்கள் தலையில்தான் விழும். கட்சியிலிருந்து விலகிவிட்டுச் செய்வதா, இருந்துகொண்டே செய்வதா, இல்லை ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவதா? என்னை நம்பிப் போட்டவர்களிடம் மறுபடியும் அந்த ஆளுக்காகக் கேட்க முடியாது, அது மட்டும் உறுதி. இந்த வழியில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கரைவேட்டி (மன்னார்குடி):

தம்பி, படித்தேன், என் கதையைப் படித்த மாதிரியே இருந்தது. நானும் 2019-ல் இதைச் செய்தவன். அதனால் போகாதே என்றுதான் சொல்வேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் சீட் கிடைக்காத ஒருவர் போட்டி வேட்பாளராக நின்றார். நல்லவர்தான், நானும் பதினாலு பேரும் அவரோடு போனோம். கட்சிக் கட்டுப்பாட்டை மீறினோம், கட்சிக்குக் களங்கம் விளைவித்தோம், அதனால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீக்கம் என்று அறிவிப்பு வந்தது. பேப்பரில் என் பெயரைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தலில் எங்கள் ஆள் மூன்றாவதாக வந்தார், கட்சி வேட்பாளர் கொஞ்ச ஓட்டில் தோற்றார், இரண்டு பேர் ஓட்டையும் கூட்டினால் சுலபமாக ஜெயித்திருக்கலாம்.

இதுவரைக்கும் யாரும் எதிர்பார்ப்பதுதான். இதற்கு அப்புறம் நடந்ததை நீ கேட்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து எங்கள் வேட்பாளர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார், சால்வை போட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அவர் கையில் ஓட்டு இருக்கிறது, அதனால் அவர் வேண்டும். அவரோடு போன பதினைந்து பேரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் கட்சிக் கூட்டம் நடந்தால் நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றுதான் கேட்கிறேன். நிற்பவனுக்குத் திரும்பி வர வழி இருக்கும், தொண்டனுக்கு இருக்காது. முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போ.

எலெக்‌ஷன் டியூட்டி வாத்தியார் (நீடாமங்கலம்):

ஓய்வு பெற்ற ஆசிரியன், பல தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவன். யாருக்கு வேலை செய்வது என்பது உங்கள் மனசாட்சி, அதில் நான் தலையிடவில்லை. வேலை செய்வதாக இருந்தால் எது கஷ்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் சின்னம். கிராமத்துத் தேர்தலில் ஒருவர் கையில் நான்கு சீட்டு கொடுக்கிறோம். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், அப்புறம் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று. வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ என்று எதைக் கொடுத்தாலும் மக்கள் ஆளைப் பார்த்துக் குத்துகிறார்கள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் வந்துவிடும். அங்கே வந்ததும் கை பழகிய இடத்துக்குத்தான் போகிறது, நாற்பது வருடம் ஒரே சின்னத்தில் குத்திய பாட்டிக்கு உங்கள் ஆளின் பெயர் தெரிந்தால் போதாது, அவருடைய சின்னம் கண்ணுக்குப் பழக வேண்டும். அதற்கு எத்தனை நாள் கிடைக்கும் தெரியுமா? 2019-ல் வாபஸுக்குக் கடைசி நாள் டிசம்பர் 19, முதல் கட்ட வாக்குப்பதிவு டிசம்பர் 27. சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவது வாபஸ் முடிந்த பிறகுதான், ஆக எட்டே நாள். அந்த எட்டு நாளில் ஐயாயிரம் பேர் இருக்கிற வார்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறையாவது போக வேண்டும். ஐந்தாறு ஊருக்கு முப்பது பேர் போதாது, எண்பது பேராவது வேண்டும்.

காசு பெரிய தடை இல்லை. அந்தத் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கு 300. செலவு வரம்பு 85,000. ஆனால் பூத் ஏஜென்ட் நீங்கள்தான் போட வேண்டும், எண்ணும் இடத்துக்கும் ஆள் வேண்டும், நான்கு நிறச் சீட்டையும் பிரித்துக் கட்டி எண்ணி முடிக்கும்போது நடுராத்திரி தாண்டிவிடும், அதுவரை கண் அசராத ஆளாகப் பாருங்கள். பல சுயேச்சைகள் சார்பில் எண்ணுகிற மேசையில் யாருமே இருக்க மாட்டார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், வார்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்துவிட்டதா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டால் அந்த மனிதர் நிற்க முடியாது, வீட்டில் இருப்பவரை நிறுத்திவிட்டுத் தானே ஓட்டுவேன் என்பாரா, இல்லை உங்கள் ஊரில் வேலை செய்கிற ஒரு பெண்ணை நிறுத்துவாரா? இதை அவரிடம் இப்போதே கேளுங்கள்.

மகளிர் குழு அக்கா (பாபநாசம்):

தம்பி, உங்கள் மேல் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த முப்பது பேரும் எந்தத் தெரு?

நானும் கட்சியில் இருக்கிறேன், அதன் குறை எனக்கும் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் கட்சி ஒரு காரியம் செய்தது, ஊர்த் தெருவிலும் காலனியிலும் ஒரே கொடி பறக்கிறது, ஒரே மேடையில் இரண்டு பக்கத்து ஆளும் உட்கார்கிறார்கள். அது எளிதாக வந்தது இல்லை. கீழவெண்மணியில் 1968-ல் 44 பேர் எரிந்து செத்த மண் இது, கூலி கேட்டதற்காக. சுயேச்சை என்று வரும்போது கட்சிக் கொடி கீழே இறங்குகிறது, அந்த இடத்தில் தெருக் கணக்கு ஏறிவிடுகிறது. "நம்ம ஆளு" என்று யாரோ ஒருவர் சொன்னால் போதும், நல்ல மனிதராக நின்றவர்கூட ஒரே வாரத்தில் சாதி வேட்பாளராகிவிடுகிறார். எங்கள் பக்கத்து வார்டில் இதைப் பார்த்தேன். அவர் ஒரு முறைகூடச் சாதி பேசவில்லை, அவரைச் சுற்றி நின்றவர்கள் பேசினார்கள், அவர் தடுக்கவில்லை.

உங்கள் ஆள் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டினார் என்றீர்கள், படித்தபோது மனம் நெகிழ்ந்தது. அந்தப் பந்தியில் காலனி ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்தார்களா, பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனார்களா? இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், வீட்டில் மனைவியிடம் பேசினீர்களா? கூட்டுறவு சங்கத்தில் கடன் கேட்டுப் போய் நிற்பதும், ரேஷன் கடையில் பேச்சு வாங்குவதும் அவர்கள்தான்.

குளித்தலை வாசகன்:

எல்லோரும் பயமுறுத்துவது போல இருக்கிறது, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சுயேச்சையாக நிற்பது துரோகம் என்று பேசும் கட்சிக்காரர்களுக்கு எங்கள் ஊரை ஞாபகப்படுத்த வேண்டும். 1957-ல் கலைஞர் முதன்முதலில் சட்டமன்றத்துக்குப் போனது குளித்தலையிலிருந்து, தேர்தல் கணக்கில் அவர் சுயேச்சை, ஏனென்றால் திமுகவுக்கு அப்போது அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் பிரஷர் குக்கரில் ஜெயித்ததும் சுயேச்சையாகத்தான், நாற்பதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் இரண்டு பேருமே தனி ஆள் இல்லை, பின்னால் பெரிய அமைப்பு இருந்தது, தாளில் மட்டும்தான் சுயேச்சை. அமைப்பு இல்லாமல் கோபத்தை மட்டும் வைத்து நின்றால் 1996 மொடக்குறிச்சி. விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட வரிசையாக மனுப் போட்டு ஒரே தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், நாடே பேசியது, ஜெயித்தது திமுக வேட்பாளர்தான். அதனால் வாத்தியார் ஐயா சொன்ன எண்பது பேர் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முப்பது பேர்தான் அந்த மனிதருக்கு அமைப்பு.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஜெயித்த பிறகு. சட்டமன்றத்தில் சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும், 1985-ல் வந்த பத்தாவது அட்டவணை அப்படிச் சொல்கிறது. அது எம்.எல்.ஏ., எம்.பி.க்குத்தான், ஒன்றியக் கவுன்சிலரைக் கட்டுப்படுத்தாது. ஒன்றியத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, கவுன்சிலர்கள்தான் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்து நிற்கும்போது சுயேச்சையின் ஒரு ஓட்டுக்கு என்ன விலை பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மறைமுகத் தேர்தலில் கட்சிக் கட்டுப்பாடே நிற்பதில்லை. 2022 மார்ச்சில் நகராட்சி, பேரூராட்சிகளில் கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய பதவியில் திமுகவினரே நின்று ஜெயித்தார்கள், முதல்வரே அறிக்கை விட்டு விலகச் சொல்ல வேண்டியதாயிற்று. கட்சி கேட்கவே ஆள் இருக்கும்போது அந்த நிலைமை என்றால், உங்கள் ஆளை யார் கேட்பது? தலைவர் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள், எதற்காகப் போடுவீர்கள் என்று அவர் முன்கூட்டியே ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால் நீங்கள் ஒதுங்கிவிடுவது நல்லது.

கடைமடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன், இரண்டு பேருக்கு வாசித்தும் காட்டினேன்.

அக்கா கேட்டதுதான் தைத்தது. முப்பது பேரில் இருபத்தாறு பேர் எங்கள் தெரு, எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நான்கு நாள் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம், அது சத்தியம். அதற்குப் பிறகு காலனியில் தனியாக ஓர் அடுப்பு வைத்துவிட்டார்கள், தூரம் அதிகம் என்று காரணம் சொன்னோம். நேற்று அங்கே போய் இரண்டு பெரியவர்களிடம் கேட்டேன், "தூரம்னு நீங்க சொன்னீங்க, நாங்க சரின்னோம்" என்றார் ஒருவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நெல் கிடந்தபோது அவர் காலனிக் குத்தகைக்காரர்களின் மூட்டையைத்தான் முதலில் ஏற்ற வைத்தார் என்பதையும் அதே பெரியவர்தான் சொன்னார், நான் கேட்காமலே.

மன்னார்குடி அண்ணன் சொன்னதை முப்பது பேரிடமும் சொன்னேன். ஏழு பேர் பின்வாங்கினார்கள், ஒருவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை, ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவி, "போன தடவை நீங்க சொன்னதுக்காக நான் எத்தனை வீட்டுல கேட்டேன், அவங்க முகத்துல நான்தானே முழிக்கிறேன், இந்தத் தடவை அந்த ஆளுக்குக் கேட்க என்னால ஆகாது" என்றாள். அவள் அளவுக்குத் தெளிவாக நான்கூட யோசிக்கவில்லை.

நாளை சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் அந்த மனிதரை உட்கார வைத்துக் கேட்கப் போகிறோம். காலனியிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள், பெண்களும் வருகிறார்கள். பெண்கள் வார்டானால் யார், தலைவர் ஓட்டு யாருக்கு, பிறகு ஏதாவது கட்சிக்குப் போவதாக இருந்தால் எங்களைக் கேட்டுவிட்டுத்தானா, எல்லாவற்றுக்கும் அங்கேயே பதில் வேண்டும். நேராகச் சொல்லாவிட்டால் நான் வேலை செய்ய மாட்டேன், ஓட்டுப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவேன்.

சொன்னால், உள்ளே இருந்துகொண்டு உள்ளடி வேலை பார்க்க மாட்டேன். ஒன்றியச் செயலாளரை நேரில் பார்த்துக் கிளைப் பொறுப்பை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முதல் வீட்டுக்குப் போவேன். உறுப்பினரிலிருந்தும் நீக்கினால் நீக்கட்டும். கொடிக்கம்பத்தை என்ன செய்வது என்று பையன்கள் கேட்டார்கள். அது அப்பா நட்டது, நம் மனையில் நிற்கிறது, அவர் நினைவு நாளில் எப்போதும் போலக் கொடி ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய கரைவேட்டி (மன்னார்குடி):

சரி தம்பி, முடிவு எடுத்துவிட்டாய், இனி நான் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று செய். பொறுப்பை விடும்போது மினிட் புத்தகம், உறுப்பினர் சேர்க்கை ரசீதுக் கட்டு, கையில் இருக்கும் கிளைப் பணம் எல்லாவற்றையும் கணக்கு எழுதி ஒப்படைத்து, வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் போட்ட தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன். நிதியைக் கையாடினான் என்று பிறகு பேசினார்கள், நீக்கியதைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாளைக்கு என்ன நடந்தது என்று எழுது.